தொட்ட கல்லும் படிக்காத கல்லும்

காஞ்சி என்றதும் பட்டு நினைவுக்கு வருகிறது; பல்லி நினைவுக்கு வருகிறது; பல்லவன் மட்டும் வருவதில்லை!

நான் தறியோசை கேட்டு வளர்ந்தவன். சேலைக் கரையிலே அன்னத்தையும் யாளியையும் இழை பிசகாது நெய்திடும் கைகளைக் கண்டவன். அந்தக் கைகளே, வரதராசப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் தோஷம் தொலையும் என்று நம்பி உயர்ந்திடவும் கண்டேன். தொட்டவர் பலர்; தொலைந்தது எது? கடன் அப்படியே, கூலி அப்படியே!

அதே ஊரிலே வைகுந்தப் பெருமாள் கோயில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் எழுப்பியது. அதன் திருச்சுற்றுச் சுவரிலே பல்லவர் வரலாறு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் பரமேசுவரவர்மன் மாண்டபின் நாட்டுக்கு அரசனில்லை. கடிகையாரும் குடிகளின் தலைவர்களும், பல்லவர் கிளைமரபினனான இரணியவர்மனிடம் சென்று அரசனைக் கேட்கின்றனர். மூத்த மைந்தர் மூவர் மறுக்க, 12 வயதுச் சிறுவன் பல்லவமல்லன் இசைகிறான். அவனே நந்திவர்மனாக முடிசூடுகிறான். கல்வெட்டும் இதைக் கூறுகிறது.

மன்னன் ஆண்டவனின் அம்சம் என்று ஓதப்பட்ட நாட்டிலே, மன்னனைத் தேடி ஊரார் நடந்த கதை கல்லில் நிற்கிறது! இதைக் காணக் கூட்டமில்லை, பல்லிக்கோ வரிசை!

ஆனால் கல் சொல்வதெல்லாம் வேதவாக்கா? அல்ல. அதே சுவர்தான் பல்லவர் குலம் பிரமனிடமிருந்து வந்தது என்றும் காட்டுகிறது. செதுக்கச் சொன்னவனோ, சித்திரமாயன் போன்ற பல்லவ இளவரசரின் எதிர்ப்பைச் சந்தித்தவன். தன் உரிமையை ஊரறியச் செய்யும் தேவை அவனுக்கு இருந்தது. ஆகவே அது வரலாறு மட்டுமன்று, வழக்குரையும்கூட. எனினும், வழக்குக்கு வலுவூட்டக் குடிகளின் இசைவையும் அவன் காட்ட வேண்டியிருந்ததே, அது சிறிதா?

இங்கிலாந்து நாட்டுப்புறத்து மாதா கோயில்களிலே, கல்லறை மீது கால்மேல் கால் போட்டுக் கிடக்கும் வீரர் சிலைகள் உண்டு. சிலுவைப் போருக்குச் சென்றவர்கள் இவர்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கூறி வந்தனர். ஆராய்ந்தோர், கால் கிடக்கும் விதம் அதற்குச் சான்றாகாது என்றனர். கதை விழுந்தது, சிலை நின்றது. பகுத்தறிவு கலையை அழிக்கும் என்று அஞ்சுவோர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

சென்னை மாகாணக் கோயில்களை எல்லாச் சாதியினருக்கும் திறந்துவிட்ட சட்டம் 1947இல்தான் வந்தது. அதுவரை ஆதித்திராவிடத் தோழனுக்குப் பெரும்பாலான கோயில்களில் வாயிலே எல்லை. குடிகள் அரசனைத் தேடிச் சென்ற கதையைப் பார்க்கவே குடிகளில் ஒரு பகுதியினருக்கு உரிமையில்லை! இன்று வாயில் திறந்திருக்கிறது. ஆனால் சுவரோ மணற்கல், தேய்ந்து வருகிறது.

தோழனே, தேய்ந்து தீருமுன் சென்று பார்! யார் செதுக்கச் சொன்னான், எதற்காகச் சொன்னான், எவரைச் சொல்லாமல் விட்டான் என்று சுவரைக் கேள். கல்லைத் தொட்டுக் கண்ட பலன் ஏதுமில்லை. படித்துப் பெறும் தெளிவோ ஏராளம்!