நூலிலேயே முடிந்துவிடும் கோலம்

சனி, காலை

மதுரையிலிருந்து வந்திருக்கும் சித்திக்குச் சார்மினாரும் சாலார் ஜங் மியூசியமும் பார்த்து அலுத்துவிட்டது. "சேலை நெய்யுற ஊரு ஏதாச்சும் இருந்தா காட்டும்மா" என்றார். பூதான் போச்சம்பள்ளி இருக்கும்போது வேறு எங்கே போவது? விஜயவாடா நெடுஞ்சாலையில் ஹயாத்நகரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போய் இடப்பக்கம் பிரிந்தால், ஹைதராபாத்திலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர்.

2021-ல் ஐ.நா.வின் உலகச் சுற்றுலா அமைப்பு சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாக இதைத் தேர்ந்தெடுத்தது. அதைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் கடைவீதியோடு திரும்பிவிடுகிறார்கள். பாவம், ஊரைப் பார்க்காமலே போகிறார்கள். இங்கே கலை வீட்டுக்குள் இருக்கிறது. உள்தெருக்களில் நடந்தால் போதும். திண்ணையில் சாயம் போட்ட நூல் காய்கிறது, திறந்த கதவு வழியே தறிச் சத்தம் வருகிறது. வாசலில் நின்று "சூடொச்சா அக்கா?" (பார்க்கலாமா அக்கா?) என்று கேட்டால், வேண்டாம் என்று சொன்ன வீடு ஒன்றுகூட இல்லை.

சனி, மதியம்

நாங்கள் நுழைந்த முதல் வீட்டில் தறி ஓடவில்லை. கூடத்தில் ஒரு பெண் ஆசு போட்டுக்கொண்டிருந்தார், அதாவது கட்டுவதற்கு முன் ஊடை நூலை முளைகளில் சுற்றிக்கொண்டிருந்தார். அரைவட்டமாக முளைகள் அடித்த மரச்சட்டம், எதிரே நடுவில் ஒரு முளை. நடுமுளையிலிருந்து நூலை இழுத்து வட்டத்து முளையைச் சுற்றி, மறுபடி நடுமுளைக்குக் கொண்டுவந்து, அடுத்த முளைக்கு. விசிறி விரித்ததுபோல நூல் பரவுகிறது. அவர் பார்வை நூலில் இல்லை. எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார், கை மட்டும் போய்ப் போய் வந்தது. ஒரு சேலைக்கு இப்படி ஏறத்தாழ 9,000 முறை கையை வீச வேண்டும் என்கிறார்கள். நாலைந்து மணி நேர வேலை. காலங்காலமாக இது பெண்களின் வேலை. தோள்பட்டையைத் தொட்டுக் காட்டி, "ராத்திரி படுக்க முடியாதக்கா" என்றார்.

ஆலேர் பக்கத்துக்காரரான சிந்தகிந்தி மல்லேசம் இந்த வலியைத்தான் தன் அம்மா லட்சுமியிடம் பார்த்தார். பல வருடம் போராடி, 1990-களின் கடைசியில் ஆசு இயந்திரத்தைச் செய்து முடித்து, அதற்கு அம்மா பெயரையே வைத்தார். நாலைந்து மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. 2017-ல் பத்மஸ்ரீ, 2019-ல் அவர் வாழ்க்கை தெலுங்குப் படமாகவும் வந்தது. இந்த வீட்டில் இயந்திரம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு மல்லேசம் யார் என்று தெரியும், இயந்திரம் என்ன விலை என்றும் தெரியும்.

பக்கத்து அறையில் கட்டுகிற வேலை. ஆசிலிருந்து எடுத்த ஊடை நூலை இழுத்துக் கட்டி, கரிக்கோட்டால் அளவு குறித்திருக்கிறார்கள். பழைய சைக்கிள் ட்யூபை மெல்லிய நாடாவாக நறுக்கி, குறித்த இடங்களில் இறுக்கிச் சுற்றுகிறார்கள். சாயத்தில் முக்கும்போது ரப்பர் சுற்றிய இடத்தில் நிறம் ஏறாது. பிறகு சில கட்டுகளை அவிழ்த்து, வேறு இடங்களில் கட்டி, அடுத்த சாயம். எத்தனை நிறமோ அத்தனை முறை. மூலையில் அவிழ்த்துப் போட்ட ரப்பர் துணுக்குகள் குவிந்து கிடந்தன. சித்தி குனிந்து ஒன்றை எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தார்.

சித்திக்குச் சுங்குடி தெரியும், மதுரையில் சௌராஷ்டிரக்காரர்கள் தெருவில் வளர்ந்தவர். "நம்மூர்ல துணிய நெய்ஞ்சப்புறம் புள்ளி புள்ளியா முடிச்சுப் போடுவாங்க. இவங்க நூலையே முடியுறாங்களே! நெய்யும்போது புள்ளி இடம் மாறிடாதா?" இதைத் தெலுங்கில் சொன்னதும் அந்த வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, நாளைக் காலை தறியில் உட்காரும்போது வந்து பாருங்கள் என்றார்.

சனி, மாலை

வினோபா மந்திரில் கொஞ்ச நேரம் இருந்தோம். 1951 ஏப்ரல் 18. தெலங்கானா ஆயுதப் போராட்டத்தின் கடைசிக் காலம். நடந்து வந்த வினோபா பாவேயிடம் இந்த ஊர் தலித் குடும்பங்கள் 80 ஏக்கர் நிலம் கேட்டன. கூட்டத்திலிருந்து வெதிரே ராமச்சந்திர ரெட்டி எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்றார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது. நாடு முழுக்க 40 லட்சம் ஏக்கருக்கு மேல் தானமாகச் சேர்ந்தது, அதில் கணிசமான பகுதி உழுகிறவன் கைக்குப் போய்ச் சேரவில்லை. நம் ஊரில் சர்வோதயத் தம்பதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் நிலமில்லாதவர்களுக்கு நிலம் கிடைக்க வாழ்நாளெல்லாம் நடந்தார்கள் என்று சித்தியிடம் சொன்னேன். "அவுங்கள எனக்குத் தெரியாதா, காந்திகிராமத்துக்காரங்க" என்றார்.

ஞாயிறு, காலை

நேற்றைய வீட்டுக்காரர் குழித்தறியில் உட்கார்ந்துவிட்டார். ஊடை நூலைத் தார்களில் சுற்றி வரிசையாக எண் போட்டு வைத்திருக்கிறார். வரிசை மாறினால் கோலம் போய்விடும். நாடாவை ஒரு முறை ஓட்டுகிறார், நிறுத்துகிறார், கரையருகே நூலை நகக்கண்ணால் மயிரிழை அளவு இழுத்து நிறம் நிறத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறார், பிறகுதான் பலகையை அடிக்கிறார். ஒவ்வொரு ஊடைக்கும் இது உண்டு. பாவு நூலிலும் ஊடை நூலிலும் கட்டிச் சாயமிட்டதென்றால் பாடு இரண்டு மடங்கு.

காஞ்சிபுரத்தில் புட்டா தறியில் பிறக்கிறது. இங்கே தறிக்கு வருமுன்பே கோலம் முடிந்துவிடுகிறது, நெசவாளர் அதைச் சிதறாமல் சேர்த்து வைக்கிறார். ஆகவே 'நெசவாளர்' என்று ஓர் ஆணை மட்டும் படம் பிடித்துப் போடுகிற வழக்கம் எனக்குக் கசக்கிறது. ஆசு போட்டவருக்கும் கட்டியவருக்கும் அந்தச் சேலையில் பாதிக்கு மேல் பங்கு உண்டு. கூலிக் கணக்கில் அவர்கள் வீட்டு ஆட்கள். தனிக்கூலி கிடையாது.

ஞாயிறு, மதியம்

கடைவீதி. இப்படி நூலைக் கட்டிச் சாயமிட்டு நெய்யும் துணிக்கு இக்கத் என்று பெயர். 2005-லேயே போச்சம்பள்ளி இக்கத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் மில் துணியில் இதே கோலத்தை அச்சடித்து, ஹைதராபாத் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். கட்டிச் சாயமிட ஆன வாரங்களை ஓர் அச்சு உருளை நிமிடத்தில் தின்றுவிடுகிறது. வாங்குகிறவர்கள் துணியைத் திருப்பிப் பார்த்தாலே போதும். அசல் இக்கத்தில் உள்புறமும் வெளிப்புறம்போலவே நிறம் நிறைந்திருக்கும், ஏனென்றால் சாயம் நூலுக்குள் இருக்கிறது. அச்சுத் துணி பெரும்பாலும் பின்பக்கம் வெளுத்திருக்கும். இன்னொன்று, கோலத்தின் ஓரம். கட்டுக்கு அடியில் சாயம் கொஞ்சம் கசிவதால் அசலில் கோடு கத்தரித்தாற்போல் நிற்காது, லேசாகக் கலைந்திருக்கும். சித்தி இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் விரித்த பருத்திச் சேலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அரக்கும் கறுப்புமாக ஒன்றை எடுத்தார். பேரம் பேசவில்லை. "இதுக்கு ஆசு போட்டது எந்த வீடு?" என்று மட்டும் கேட்கச் சொன்னார். கடைக்காரருக்கு நெய்தவர் பெயர் தெரிந்தது. ஆசு போட்டவர் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார். போன் போட்டு விசாரித்துச் சொன்னார்: நெய்தவரின் அம்மாவும் மனைவியும்.

ஞாயிறு, இரவு

வீடு திரும்பும் வழியிலேயே சித்தி அடுத்த ஊரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். புட்டபாக போகலாம் என்றேன். நூலை எண்ணெயிலும் ஆமணக்குச் சாம்பல் நீரிலும் மாறி மாறி ஊறவைத்து, சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று மூன்றே நிறத்தில் நெய்யும் தேலியா ருமால் அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் அரபு நாடுகளுக்குத் தலைத்துணியாகக் கப்பலேறியது. 2020-ல் அதற்கும் புவிசார் குறியீடு வந்தது. அந்தச் சின்ன ஊரின் கஜம் கோவர்த்தனா 2011-லும் கஜம் அஞ்சய்யா 2013-லும் பத்மஸ்ரீ வாங்கியிருக்கிறார்கள். "சரி, அங்க ஆசு போடுறவங்களையும் பாக்கணும்" என்றார் சித்தி. மதுரைக்கு டிக்கெட்டைத் தள்ளிப் போட முடியுமா என்று நாளைக்குப் பார்க்க வேண்டும்.