உள்ளளவு

என் தந்தை தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தச்சர். கதவும் நிலையும் கட்டிலும் அவர் கைகளில் உருவாவதைப் பார்த்தே வளர்ந்தேன். ஆயினும் நான் உளியைத் தொட்டதில்லை. “நீ படி, அது போதும்” என்பார். படித்தேன், தமிழாசிரியர் ஆனேன். பணியிட மாற்றங்கள் என்னை ஜபல்பூர் வரை கொண்டுவந்து சேர்த்தன.

என் மகன் வடநாட்டிலேயே வளர்ந்தவன். எட்டாம் வகுப்பு மாணவன். ஞாயிறுதோறும் தாத்தாவுடன் தொலைபேசியில் பேசுவான். “நல்லா இருக்கீங்களா தாத்தா? சாப்பிட்டீங்களா? அப்பாகிட்டக் கொடுக்கிறேன்.” மூன்றே தொடர்கள்! இருவருக்கும் அன்பு உண்டு. பேசுவதற்குத்தான் பொருள் இல்லை. ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் என் வீட்டின் நிலை இது.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் பழைய மகிழுந்துக்குப் பத்து அங்குல சப்வூஃபர் ஒன்று வாங்கினோம். தவிலின் முழக்கம் போன்ற தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் ஒலிபெருக்கி அது. அதற்குரிய மரப்பெட்டியை வீட்டிலேயே செய்வது என்று முடிவு செய்தோம். “நான் தச்சர் மகன் அல்லவா!” என்று பெருமை பேசினேன்.

‘பெட்டி எதற்கு?’ என்று நீங்கள் வினவலாம். ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. நொடிக்கு 50 முறை அதிரும் தாழ்ந்த ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். அத்தகைய நீண்ட அலைகள் ஒலிபெருக்கியின் விளிம்பை எளிதில் சுற்றி வந்துவிடும். முன்னலையும் பின்னலையும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்னலையை அடைத்து வைப்பது பெட்டியின் முதல் வேலை. உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில் போல நின்று, கூம்பை அளவோடு அசையச் செய்வது இரண்டாவது வேலை. ஆகவே பெட்டியின் கொள்ளளவு மாறினால் ஒலியும் மாறும்.

எங்கள் ஒலிபெருக்கிக்கு 28 லிட்டர் காற்று வேண்டும். அதன் பின்பகுதி அடைத்துக்கொள்ளும் இடம் 2 லிட்டர். ஆக 30 லிட்டர். நீளம் 40, உயரம் 30, ஆழம் 25 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டேன். 18 மில்லிமீட்டர் கனமுள்ள எம்.டி.எஃப். பலகையை மரக்கடையிலேயே அறுத்து வாங்கினோம். பசை தடவி, திருகாணி முடுக்கி, முகப்புப் பலகை நீங்கலாக ஐந்து பக்கங்களையும் இணைத்தோம்.

மறுநாள் காலையில் என் மகன் அளவுகோலுடன் பெட்டியருகே அமர்ந்திருந்தான். “அப்பா, பலகைக் கனத்தை நீங்கள் கழிக்கவே இல்லை. உள்ளே இருபதரை லிட்டர்தான் வருகிறது” என்றான். நான் கணக்கிட்டது உள்ளளவு. அறுத்து வாங்கியதோ வெளியளவு. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பலகைகளின் கனம், அதாவது 36 மில்லிமீட்டர், குறைந்துவிட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்று பலகைக்குள் மறைந்துவிட்டது!

அன்று ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசியில் அவன் வழக்கமான மூன்று தொடர்களோடு நிற்கவில்லை. “தாத்தா, அப்பா செய்த பெட்டி சிறுத்துப் போச்சு” என்றான்.

மறுமுனையில் உரத்த சிரிப்பு. “வெளியளவு போட்டுட்டானா உங்கப்பன்? பெட்டிக்கு முதல்ல உள்ளே என்ன வைக்கப் போறோம்னு பார்க்கணும் தம்பி. பலகை அப்புறம். கனம் எத்தனை நூல்?”

“நூலா? பலகையில் ஏது நூல் தாத்தா?”

அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கைத் தச்சர்கள் ‘நூல்’ என்பார்கள். தாத்தா பொறுமையாக விளக்கினார். பேரன் தாளில் கணக்கிட்டு, “ஆறு நூலுக்குக் கொஞ்சம் குறைவு” என்றான். பிறகு உரையாடல் நீண்டது. திருகாணிக்கு முன்னதாகச் சிறு துளை இடாவிட்டால் பலகையின் விளிம்பு பிளக்கும். மூலைக்கு மூலை அளந்து இரண்டும் ஒத்திருந்தால்தான் மூலைமட்டம் சரி. அவர் சொல்லச் சொல்ல அவன் தமிழிலேயே குறித்துக்கொண்டான்.

நான் அருகில் அமைதியாக அமர்ந்திருந்தேன். தச்சர் இடும் நூல் மரத்தின் கோணலைப் போக்குவதுபோலக் கல்வி நூல் மனத்தின் கோணலைப் போக்கும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் கூறியதை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆனால், அந்த நூலைப் பிடித்த கை என் வீட்டுக்கே உரியது என்று என் மகனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. பெட்டியில் மட்டுமா நான் உள்ளளவை மறந்தேன்?

இரண்டாவது பெட்டியை உள்ளளவு குறையாமல் செய்தோம். வட்டத் துளையை நான் அறுத்தேன். தூள் மூக்கில் ஏறாதிருக்க இருவரும் முகக்கவசம் அணிந்தோம். காற்றுக் கசியாமல் மூட்டுகளைச் சிலிக்கான் பசையால் அடைத்தோம். வண்டி குலுங்கினாலும் நகராதபடி பெட்டியைப் பின்புறத்தில் இறுக்கிப் பொருத்தினோம். தவில் இசையை ஒலிக்கவிட்டபோது, அதன் முழக்கம் இருக்கையின் வழியே எங்கள் முதுகைத் தொட்டது.

முகப்பில்லாத முதல் பெட்டி வீணாகவில்லை. என் மகனின் மேசையருகே புத்தகங்களைத் தாங்கி நிற்கிறது. “இது நூல் வைக்கும் பெட்டி, ஆறு நூல் தவறியதால் கிடைத்தது” என்று நண்பர்களிடம் சொல்கிறான்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி என் கைக்கு வந்து சேர அரைமணி நேரம் ஆகிறது. நான் காத்திருக்கிறேன்.

பயிற்சி

1. முதல் பெட்டியின் கொள்ளளவு குறைந்ததற்குக் காரணம் யாது?
2. ‘நூல்’ என்னும் சொல்லின் பல பொருள்களை எழுதி, ஒவ்வொன்றையும் தொடரில் அமைக்க.
3. “பெட்டியில் மட்டுமா நான் உள்ளளவை மறந்தேன்?” – ஆசிரியர் இவ்வாறு வினவக் காரணம் என்ன?
4. உங்கள் தாத்தா அல்லது பாட்டியிடம் பேசி, அவர்கள் தொழிலில் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வருக.