வெர்சோவாவில் ஒரு காலை

ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் ஜுஹுக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வது மும்பைத் தமிழர் வீடுகளில் வழக்கம். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த என் தமக்கையாரோ, கூட்டமில்லாத கரையாக இருந்தால் நலமென்றார். ஆகவே காட்கோபரில் மெட்ரோ ஏறி, கடைசி நிலையமாகிய வெர்சோவாவில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கடலோரம் சேர்ந்தோம்.

இக்கரையின் கதையை நேயர்கள் படித்திருக்கலாம். ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இம்மணல் ஒரு காலத்தில் பிளாஸ்டிக் குப்பையில் புதைந்து கிடந்தது. 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்னும் வழக்கறிஞர், அண்டை வீட்டு முதியவர் ஒருவரைத் துணைக்கொண்டு அதைக் கையால் பொறுக்கத் தொடங்கினார். வாரந்தோறும் ஆட்கள் பெருகினர். 2016-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருதளித்தது. 2018 மார்ச்சில், பல்லாண்டுகளாக ஆமைகளைக் காணாத அம்மணலிலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகள் கடலை நோக்கி ஊர்ந்தன.

இவற்றையெல்லாம் நான் பெருமையுடன் சொல்லி வருகையில், "அப்படியானால் இது என்ன, தம்பி?" என்று தமக்கையார் காலடியைக் காட்டினார். இரவில் ஏறிய கடல் விட்டுச் சென்ற கோடு நெடுக ஷாம்பு உறைகள், பிஸ்கட் தாள்கள், பாதி புதைந்த பைகள். ஒரு பையை இழுத்துப் பார்த்தேன். ஈரமணல் அதை எளிதில் விடுவதாக இல்லை. வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த கோலி மீனவர் ஒருவர் சிரித்துவிட்டு, வடக்கே கழிமுகத்தைக் கை நீட்டிக் காட்டினார். உலாவ வந்தவர்கள் போட்டவை சிறிதே. நகரத்துச் சாக்கடைகளும் ஓடைகளும் மாலாட் கழியில் கலந்து, கழி கடலில் கொட்ட, கடல் திருப்பித் தருகிறது. மழைக்காலத்தில் இன்னும் மிகுதி. தம் வலையிலும் மீனோடு அதுவே ஏறுவதாகச் சொன்னார்.

காலிப் புட்டியையாவது பழைய சாமான்காரர் விலைக்கு எடுப்பார். ஷாம்பு உறையை எவரும் எடுப்பதில்லை. ஆகவே கரையில் மிஞ்சுவது அதுவே. எங்கள் வீட்டில் வாங்கும் அதே உறை அங்கே கிடந்ததைத் தமக்கையாரிடம் நான் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் கடற்கரைச் சுற்றுலாவுக்குப் பிளாஸ்டிக் பூசிய தட்டுகளை வாங்கியவன் நானே. இவ்வாண்டு மாட்டுங்காவில் வாழை இலைக்குச் சொல்லியாயிற்று. எவர்சில்வர் டம்ளரை மட்டும் அன்பர்கள் தத்தம் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுகிறேன். மாறிப்போகாதபடி பெயர் பொறித்ததாயிருந்தால் நன்று.