நோட்டின் கடைசிப் பக்கம்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்றார்கள். எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. என்னிடம் இருப்பது ஒரு நோட்டு. முதல் வருஷக் கணக்கு நோட்டு. முன்பக்கத்தில் கணக்கு, பின்பக்கத்தில் ஜோசியம்.

2024 ஜனவரி 1-ஆம் தேதி, தொப்பம்பட்டி பஸ் ஸ்டாப் டீக்கடையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து, அந்த வருஷம் என்னென்ன நடக்கும் என்று எழுதினோம். விளையாட்டு, அரசியல், சினிமா என்று மூன்று தலைப்பு. சொன்னவன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். பிறகு "நான் அப்பவே சொன்னேன்டா" என்று யாரும் கதை விடக்கூடாது. ஒரு தப்புக்கு ஒரு டீ.

விளையாட்டிலேயே நான் கவிழ்ந்தேன். 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது மனசில் இருந்ததால், "டி20 உலகக் கோப்பையும் ஆஸ்திரேலியாவுக்கே" என்று எழுதியிருந்தேன். 2024 ஜூன் 29 அன்று பார்படாஸில் இந்தியா 7 ரன்னில் தென்னாப்பிரிக்காவை ஜெயித்தது. டீ வாங்கிக் கொடுத்ததில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

சதுரங்கத்தில் பிரக்ஞானந்தா பெயரை எழுதியிருந்தோம். குகேஷ் பெயர் நோட்டில் எங்குமே இல்லை. அந்த டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் 18 வயதில் அவர் உலக சாம்பியன் ஆனார். அடுத்த வருஷம் "சென்னைக்குத்தான் ஐபிஎல் கப்" என்று நாலு பேருமே ஒரே குரலில் கையெழுத்துப் போட்டோம். சென்னை பத்தாவது இடம், அதாவது கடைசி! டீ யார் யாருக்கு வாங்குவது என்றே புரியவில்லை.

ஆனால் உண்மையான தலைகுனிவு வேறு. 2025 நவம்பர் 2 அன்று நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்ற மறுநாள், எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எங்களைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்றாள். தப்பாகச் சொல்லியிருந்தால் ஒரு டீயோடு போயிருக்கும். இதற்கு எத்தனை டீ?

சினிமாவைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். 'இந்தியன் 2' பிய்த்துக்கொண்டு ஓடும் என்றேன், ஓடவில்லை. 'மகாராஜா'வை யாரும் எழுதவே இல்லை, அது சீனா வரைக்கும் போனது.

அரசியலில் எங்களுக்கு இன்னும் ஓட்டு வயசே வரவில்லை, பேச்சு மட்டும் பெரிசு. ஆயக்குடி நண்பன் ஒருவன்தான் "விஜய் இந்த வருஷம் கட்சி ஆரம்பிப்பார்" என்று எழுதி, பிப்ரவரி 2-ஆம் தேதியே ஜெயித்துவிட்டான். நாடாளுமன்றத் தேர்தலுக்குத் தமிழ்நாட்டில் திமுக கூட்டணிக்கு 35 என்றேன், 39-ம் வந்தது. திண்டுக்கல்லில் ஒரு லட்சம் வித்தியாசம் என்றேன். மார்க்சிஸ்ட் வேட்பாளர் நாலு லட்சத்துக்கும் மேலே ஜெயித்தார். ஆனால் டி.வி.க்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜூன் 1 அன்று கருத்துக் கணிப்பு என்று சொல்லி, பாஜக கூட்டணிக்கு 350-க்கு மேல் என்று மாறி மாறிச் சொன்னார்கள். ஜூன் 4-ல் வந்தது 293. அவர்களிடம் கம்ப்யூட்டர் இருந்தது, எங்களிடம் டீ இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தாத்தா இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். அவர் கணக்கு அறுபது வருஷக் கணக்கு. சித்திரை ஒண்ணாம் தேதி கோயிலில் பஞ்சாங்கம் வாசிக்கும்போது முன்வரிசையில் உட்கார்ந்துகொள்வார். 2024 சித்திரையில் குரோதி வருஷம் பிறந்தது. "போன குரோதி எனக்கு நல்லா ஞாபகம் இருக்குடா. நேரு போனாரு. தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போச்சு. இந்தக் குரோதியிலயும் பெரிய ஆள் போவாங்க பாரு" என்றார். அவர் சொன்ன இரண்டும் 1964-ல் நடந்தவைதான், நான் புத்தகத்தில் பார்த்தேன். அந்த டிசம்பரில் மன்மோகன் சிங் காலமானதும், "சொன்னனா இல்லையா?" என்றார். பெரிய ஆள் போகாத வருஷம் எது தாத்தா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடச் சொன்னால் மட்டும் அவர் மாட்டேன் என்பார்.

இதுவரை சொன்னது எல்லோரும் படித்த பக்கங்கள். கடைசிப் பக்கத்தை இரண்டாக மடித்து ஒட்டி வைத்திருந்தேன். அதில் நான் எழுதியது ஒரே வரி: "2024 ஜூன் மாதம் நான் திருப்பூரில் இருப்பேன்." கையெழுத்தும் உண்டு.

விளையாட்டுக்கு எழுதியதில்லை. கணக்கில் அரியர் விழும் என்று எனக்கே தெரியும். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். "டிப்ளமா படிச்சு என்ன கிழிக்கப் போறான்? பனியன் கம்பெனிக்கு அனுப்புங்க மச்சான், வாரச் சம்பளம் வரும்" என்று மாமா வரும்போதெல்லாம் சொல்வார். அவர் சொன்னதில் தப்பு இல்லை, அவர் மகன்தான் அங்கே சம்பாதித்து வீடு கட்டினான். அப்பா எதுவும் சொல்ல மாட்டார். அது சம்மதமா மறுப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் வந்தது. அரியரும் வந்தது. ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலையில் பட்டியில் இரண்டு வெள்ளாடு குறைந்திருந்தது. அப்பா பணத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்து மாதம் 1000 ரூபாய் வங்கியில் விழ ஆரம்பித்தது. பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் அது போதும். ஆட்டையும் சரி, ஆயிரத்தையும் சரி, நாங்கள் யாரும் நோட்டில் எழுதவில்லை. அரியரை அடுத்த முறையில் முடித்தேன்.

திருப்பூர் ஜோசியத்துக்கு யாருக்கு டீ வாங்குவது?

புது வருஷப் பக்கத்தை இங்கே எழுதப் போவதில்லை. மலர் அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் பாதி பொய்யாகிவிடும், நம் மலர் வரும் வேகம் உங்களுக்கே தெரியும். ஆனால் அதில் ஒரு வரியை மட்டும் சொல்கிறேன்.

ஒரு ராத்திரி நான் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். "என்னடா எழுதற?" என்றார். சொன்னேன். "நீங்க ஒண்ணு சொல்லுங்கப்பா, முருங்கை பத்தி" என்றேன்.

எங்களுக்கு இருப்பது ஒரு ஏக்கர் முருங்கை. அதற்கு ஜோசியம் சொல்வது தேர்தலுக்குச் சொல்வதைவிடக் கஷ்டம். மழையும் பனியும் சேர்ந்தால் பூ கொட்டிவிடும். 2024 டிசம்பரில் சென்னையில் கிலோ 300 ரூபாயைத் தாண்டியது; எங்கள் மரத்தில் குழம்புக்குத்தான் காய் இருந்தது. பங்குனியில் மரம் கொள்ளாமல் காய்க்கும், அப்போது ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் பறிகூலிகூடத் தேறாத நாள் உண்டு.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "மாசிக்கு மேல காய் நல்லா வரும்னு போட்டுக்க" என்றார். எழுதினேன். நோட்டை வாங்கி, பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

"விலை எவ்வளவுன்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

"காய் வரும்னு மட்டும் போடு. விலையைப் போடாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.