ராஜ்மா, கோழி, ஒரு ராத்திரி

தில்லி ஜனவரிக் குளிர். மாமியாருக்கு ஆபரேஷன் என்று தங்கமணி திருச்சி போயிருந்தாங்க. வீட்டில் நானும் பத்தாவது படிக்கும் மகளும் மட்டும்.

"அப்பா, சில்லி பண்ணித் தர்றியா?"

சோயா சாஸ் ஊற்றுகிற சில்லி சிக்கன்தானே, ப்பூ என்றேன். அது இல்லையாம். தக்காளி, மிளகாய், சீரகம் போட்டுக் கறியைக் கெட்டியாகக் கொதிக்க வைக்கும் அமெரிக்கச் சமாச்சாரம். டெக்சாஸில் 1977-லேயே அதை மாநில உணவாக அறிவித்துவிட்டார்கள். பீன்ஸ் போடலாமா கூடாதா என்று அங்கே தீராத பஞ்சாயத்து. மகள் பீன்ஸ் கட்சி. தில்லியில் ராஜ்மாவுக்கா பஞ்சம்?

அடியேன் பி.காம். செலவைக் குறைக்கிற புத்தி. ராத்திரி முழுக்க ஊறவைப்பதற்குப் பதிலாக ஒரு மணி நேரம் வெந்நீரில் போட்டேன். பிறகு கோழியோடு சேர்த்து சிறு தீயில் முக்கால் மணி நேரம். கோழி வெந்துவிட்டது. ராஜ்மா மட்டும் கடுக் கடுக் என்றது. "பல்லுக்கு நல்லது, சாப்பிடு" என்றேன்.

பத்தரை மணிக்கு அவள் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். அப்புறம் நான். நிற்க முடியாமல் பாத்ரூம் வாசலிலேயே குழந்தை உட்கார்ந்துவிட்டாள். மூன்று மாநிலம் டிரான்ஸ்ஃபரில் சுற்றியவன்தான் நான். ஊர் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. எதிர்வீட்டு சர்தார்ஜி கதவைத் தட்டினேன். மனிதர் பைஜாமாவோடு காரை எடுத்தார். டிரிப்ஸ் ஏற்றி விடிகாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். தங்கமணிக்கு இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னேன். விழுந்த அர்ச்சனை தனிக்கதை.

டாக்டர் சொன்னது இதுதான். பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. சரியாக வேகாத நாலைந்து கொட்டையே போதுமாம். கொதிநிலைக்கு வராமல் சிறு தீயிலேயே வைத்தால் பச்சையைவிட மோசமாம்.

மறு மாதம், சர்தார்ஜி வீட்டு அம்மா மேற்பார்வையில், மறுபடி செய்தேன்:

ஒரு கப் ராஜ்மாவை ராத்திரியே ஊறவைத்து, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதித்த பிறகு குக்கரில் ஆறேழு விசில். விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். அதுவரை தக்காளி பக்கமே போகாதீர்கள், புளிப்பு பட்டால் வேக அடம் பிடிக்கும்.

இரண்டு வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு குடைமிளகாய் வதக்கி, இரண்டு ஸ்பூன் காஷ்மீரி மிளகாய்த்தூள், ஒரு ஸ்பூன் சீரகத்தூள், பீட்சாவோடு வந்து ஃப்ரிட்ஜில் தூங்கும் ஆரிகானோ பொட்டலம் ஒன்று. எலும்பில்லாத தொடைக்கறி அரை கிலோ, பொடியாக நறுக்கியது. நாலு தக்காளி, உப்பு. கறி வெந்ததும் ராஜ்மாவைக் கொட்டி இருபது நிமிடம் கெட்டியாக விடுங்கள். மேலே கொத்தமல்லி, ஒரு கரண்டி தயிர். மறுநாள் தோசைக்கு இன்னும் ஜோர்.

கிண்ணத்தை மகள் முன்னால் வைத்தேன். ஸ்பூனை எடுக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அப்பா, நீ முதல்ல சாப்பிடு."

சாப்பிட்டேன். பத்து நிமிடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவளும் எடுத்தாள். எங்கள் பேங்க் ஆடிட்டர்கூட இவ்வளவு கறார் கிடையாது :-)