அளவு ரவிக்கையும் அப்பாவின் ரம்பமும்

எங்கள் வீட்டில் நான் தையல்காரி, அப்பா தச்சர். ஊர் கும்பகோணத்துக்குப் பக்கத்தில். திண்ணையின் இந்தக் கோடியில் என் தையல் மெஷின், அந்தக் கோடியில் அவருடைய பட்டறை. இங்கே துண்டுத் துணி விழும், அங்கே மரச் சுருள் விழும். இரண்டையும் பெருக்கி அள்ளுவது மட்டும் நான்தான்!

அப்பா டேப்பை அதிகம் தொட மாட்டார். ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "ஒரு நூல் கூட இருக்கு" என்பார். தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். அளந்து பார்த்தால் சொல்லி வைத்தாற்போல் ஒரு நூல் கூடத்தான் இருக்கும். அப்படிப்பட்டவருக்கு அறுபத்தெட்டு வயதில் கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் எனக்குத் தெரியவே இல்லை. "காபியை முக்கால் டம்ளர் ஊத்தும்மா, போதும்" என்றார். வயசாகிறது, பசி குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். சிந்தாமல் குடிக்கத்தான் அந்த ஏற்பாடு என்று பிறகுதான் புரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு டிபன் கடைக்கு நாலு ஸ்டூல் செய்து கொடுத்தார். நாலும் ஆடின. கடைக்காரர் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பெரியவரே, வயசாயிடுச்சு. பேசாம ஓய்வு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி அப்பா உளிகளுக்கெல்லாம் எண்ணெய் தடவி, பழைய வேட்டியில் சுற்றி, பரண்மேல் போட்டுவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டேன். எழுந்து வரவில்லை.

டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். எழுதச் சொன்னார், ஒரு கோடு போடச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார். "பயப்படாதீங்க, இது பார்க்கின்சன்ஸ் இல்லை. எசென்ஷியல் ட்ரெமர்னு சொல்லுவோம். கை சும்மா இருக்கும்போது தெரியாது, காரியம் செய்யும்போதுதான் நடுங்கும். நிறையப் பேருக்குப் பரம்பரையா வர்றதுதான்" என்றார். மாத்திரையால் குறையும், அடியோடு போகாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

"வேலையை விட்டுடணுமா டாக்டர்?" என்று நான்தான் கேட்டேன். அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் ரம்பம் பக்கம் போக வேண்டாம். கைவேலை செய்யட்டும். கைக்கு ஒரு பிடிமானம் மட்டும் இருக்கணும்."

வீட்டுக்கு வந்தால் ஓர் அம்மாள் ரவிக்கைத் துணியோடு காத்திருந்தாள். வழக்கம்போல் அளவு ரவிக்கையும் கொண்டுவந்திருந்தாள். டேப் எடுக்காமல், அதைத் துணிமேல் விரித்துக் கோடு போட்டேன். அப்போதுதான் பளிச்சென்று பட்டது.

"அப்பா, எனக்கு அளவு ரவிக்கை மாதிரி உங்களுக்கு ஏன் அளவுக் கட்டை இருக்கக் கூடாது?"

"அதெல்லாம் வேலை தெரியாதவனுக்கும்மா."

"அப்போ எனக்கும் தையல் தெரியாதுங்கறீங்களா?"

அப்பா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் பரணுக்கு ஏணி சாத்தியிருந்தது!

முதலில் செய்தது ஓர் அறுப்புப் பலகை. ஓரடி நீளப் பலகை ஒன்று. ஒரு விளிம்பில் அடிப்பக்கம் ஒரு ரீப்பர், எதிர் விளிம்பில் மேல்பக்கம் ஒரு ரீப்பர். அடி ரீப்பர் மேஜை விளிம்பில் மாட்டிக்கொள்ளும். அறுக்க வேண்டிய கட்டையை மேல் ரீப்பரோடு சேர்த்து அழுத்தினால் நகரவே நகராது. ரீப்பரை ஒட்டுவதற்குப் பசை போதும், ரம்பம் படுகிற இடத்தில் ஆணி கூடாது. பாதிப் பாரத்தைப் பலகை தாங்குவதால் அப்பாவின் இடது கை நிதானப்பட்டது.

அடுத்தது அளவுக் குச்சி. ஒரு நீள ரீப்பரில் கால் உயரம், குறுக்குச் சட்டம், துளை வருமிடம் எல்லாவற்றையும் கத்தி முனையால் கீறி வைத்துக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் டேப்பைப் படிக்க வேண்டாம், குச்சியை வைத்துக் கீறினால் ஆயிற்று. ஒரே அளவை நாலு தடவை அளந்தால் நாலு விதமாக வரும். ஒரே குச்சியை நாலு தடவை வைத்தால் அப்படி வராது.

நாலு காலும் ஒரே நீளத்தில் வர, அறுப்புப் பலகையில் வேண்டிய தூரத்தில் ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்தினார். கால் அதில் முட்ட வேண்டும், அறுக்க வேண்டும், அவ்வளவுதான். தடுப்பின் கீழ் மூலையை மட்டும் கொஞ்சம் செதுக்கிவிட்டார். "ஏம்பா?" என்றேன். "மரத்தூள் போய் அங்க அடைச்சுக்கும். அப்புறம் ஒவ்வொரு காலும் கொஞ்சம் கொஞ்சம் குட்டையாயிடும்" என்றார். கை நடுங்கினால் என்ன, அவருடைய அனுபவம் எங்கே போய்விட்டது!

துளை நேராக இறங்க, இரண்டங்குலக் கனக் கட்டை ஒன்றில் தெரிந்த பட்டறையில் மெஷினால் செங்குத்தாகத் துளை போட்டு வாங்கி வந்தோம். அந்தத் துளை வழியாக ட்ரில் முனையை விட்டால் கை ஆடினாலும் முனை சாயாது. எவ்வளவு ஆழம் என்பதற்கு முனையில் என் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று ஒட்டினோம். டேப் மரத்தைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும்.

சின்ன ஆணியை விரலால் பிடிக்க முடியவில்லை. என் பழைய சீப்பின் பல்லிடுக்கில் செருகிக் கொடுத்தேன். விரல் தப்பியது! ஆணி முனையை லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் மரம் பிளக்காது. திருகாணிக்குக் கொஞ்சம் சோப்பு தடவினால் சுலபமாக இறங்கும். இழுக்க வராத மேஜை டிராயருக்கு மெழுகுவத்தி தேயுங்கள். இவையெல்லாம் நம் வீட்டுக்கும் உதவுமே!

இன்னொன்று, சகோதரிகளே. மரத்தூளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்துவிட்டது. வருஷக்கணக்கில் அந்தத் தூளிலேயே வேலை செய்கிறவர்களுக்கு மூக்கிலும் சைனஸிலும் வரலாம். அதைப் படித்ததிலிருந்து உப்புத்தாள் தேய்க்கும்போது அப்பாவுக்கு என்95 மாஸ்க். எனக்கும் துடைப்பம் போய் ஈரத்துணி வந்துவிட்டது.

திரும்பி வந்த அந்த நாலு ஸ்டூல்? அவற்றைக் கடைசியாகத்தான் எடுத்தார். சிமெண்ட் தரையில் மட்டமான இடமாகப் பார்த்து வைத்து, குட்டைக் காலுக்கு அடியில் பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்து மடித்துக் கொடுத்தார். ஆட்டம் நின்று, மேல்பலகையும் மட்டமானதும், ஒரு சின்னக் கட்டைமேல் பென்சிலைப் படுக்க வைத்து, கட்டையைத் தரையோடு தரையாக நகர்த்தி நாலு காலையும் சுற்றிக் கோடு போட்டார். அந்தக் கோட்டோடு அறுத்தால் நாலு காலும் ஒரே மட்டம். உங்கள் வீட்டில் ஆடுகிற ஸ்டூல் இருந்தால் இப்படிச் செய்து பாருங்கள். ஒரு காலை அறுத்து, அப்புறம் மறுகாலை அறுத்து என்று போனால் ஸ்டூல் மணையாகிவிடும்!

நாலையும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் கடையில் இறக்கினோம். கடைக்காரர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து அசைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கல்லாவைத் திறந்து பணத்தை எடுத்தார். "உட்காருங்க பெரியவரே" என்று அந்த ஸ்டூலிலேயே அப்பாவை உட்கார வைத்து, உள்ளே பார்த்துக் காபிக்குக் குரல் கொடுத்தார்.

"முக்கால் டம்ளர் போதும்" என்றார் அப்பா.

நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இப்போது யார் எதிரிலும் அதைச் சொல்ல அவர் கூச்சப்படுவதில்லை.