ஆறு பேரும் ஒரு படமும்

காஞ்சிபுரம் என்றதும் பட்டும் கோபுரமும்தான் நம் நினைவுக்கு வரும். ஏனாத்தூர்ப் பக்கம் நடந்தபோது நான் நினைத்தது, ஏரிகளை நம்பிய இந்தச் சீமையின் வயல்களைப் பற்றி.

என் பூகோள ஞானம் நதிக்கு நீலம், மலைக்குப் பழுப்பு என்பதோடு சரி. இப்போதோ மண், மேடு பள்ளம், நீர், பயிர் ஒவ்வொன்றையும் தனிப் படமாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கிப் பார்க்கிறார்கள். 1960-களில் ரோஜர் டாம்லின்சன் கனடாவில் இந்த முறையைத் தொடங்கியதே, எந்த நிலம் எதற்கு ஏற்றது என்று அறியத்தான். 1988-இல் ஐ.ஆர்.எஸ். 1ஏ செயற்கைக்கோள் கிளம்பிய பிறகு, நம் வயல்களையும் நாமே வானிலிருந்து பார்த்துக்கொள்கிறோம்.

"கடைமடையில் நெல் வேண்டாம், உளுந்து போடு" என்று அந்தப் படம் யோசனை சொல்லும். நல்ல யோசனைதான். ஆனால் தலைமடைக்காரர் மறு போகமும் நெல்லையே நட்டு மதகைத் திறந்துகொண்டால், உளுந்துக்கு வேண்டிய ஈரமாவது மிஞ்சுமா? நஷ்டம் முழுவதும் யோசனையைக் கேட்டவன் தலையில்!

இதே ஜில்லாவில் உத்திரமேரூர் இருக்கிறது. அங்கே பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுப்பதைச் சொல்கிறது. அவர்களிடம் வானத்துப் படம் கிடையாது; ஏரிக்குப் பொறுப்பாளிகள் என்ற பெயர் இருந்தது.

படத்தை அலுவலக அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம். தலைமடையையும் கடைமடையையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்து, நடுவில் அதை விரியுங்கள். யார் எதைப் பயிரிடுவது என்பதை அவர்களே பேசி முடிக்கட்டும்.